நீந்தப் போகும் பிள்ளைக்கு என்ன வாங்கலாம்?



ஆகஸ்ட் விடுமுறைக்கு மகனை நீந்தப் பழக்கப் போகிறாராம் சண்டிலிப்பாய்த் தாயார் ஒருவர். என்னென்ன சாமான் வாங்கவேணும் என்று கேட்டிருக்கிறார். நீச்சல் உடுப்பும் கண்ணுக்கு ஒரு கண்ணாடியும் போதும், அம்மா. கடையில் தொங்கும் மற்றதெல்லாம் பழகுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் இடைஞ்சல்தான்.

கையில் மாட்டும் காற்றுப் பைகளைப் பாருங்கள். நீந்துகிற உடம்பு தண்ணீரில் கிடையாகக் கிடக்கவேணும். இந்தப் பை பிள்ளையை நிமிர்த்தி வைத்துவிடுகிறது. கழற்றிய அன்று பழக்கம் முழுவதையும் மாற்றவேணும். எனக்கு அதைவிடப் பயம், கரையில் நிற்கும் எங்களைப் பற்றித்தான். பை இருக்குதுதானே என்று கண் கைத்தொலைபேசிக்குப் போய்விடும். கிணற்றில் வாழைத்தண்டு பிடித்துப் பழகிய பிள்ளைக்கு அது உருண்டு நழுவும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே மாமாவோ சித்தப்பாவோ கூட இறங்கி நிற்பார். லொறி ரியூப்போடு கீரிமலைக் கடலில் இறங்குவதோ வேறு கதை. ஆகஸ்ட் சோளகக் காலம். அந்தக் கரையில் காற்று ரியூப்பை நிலத்திலிருந்து கடலுக்குத் தள்ளும்.

கொஞ்சம் நீந்தத் தெரிந்ததும் கைத்துடுப்பு கேட்பார்கள். உள்ளங்கையைவிட அகலமான தட்டு கூடுதல் தண்ணீரைத் தள்ளும். அந்தச் சுமை முழுவதும் தோள்மூட்டில் விழும். கை வீச்சு இன்னும் திருந்தாத, வளருகிற பிள்ளைக்கு இது நோவை விலைக்கு வாங்குவது. நண்பனின் கைகளைப் பின்னால் பிடித்து இழுத்துவிடும் 'பயிற்சி'யும் அப்படித்தான். நீந்துபவரின் தோள் ஏற்கெனவே நெகிழ்வானது, அதை மேலும் இழுக்கத் தேவையில்லை.

தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் போய்த் திரும்பியே நீந்தினார், 51 மணித்தியாலம். அப்பேர்ப்பட்டவரும் 1984 ஆகஸ்ட் 6 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். "அவன் நல்லாய் நீந்துவான், பயமில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு ஆனந்தன்தான் நினைவுக்கு வருவார்.

ஏனென்றால் நான் மிகவும் அஞ்சும் பழக்கம் நன்றாக நீந்துகிறவர்களுடையது. சுழியோடிக் கிணற்றடி மண் எடுப்பது, யார் கூடுதல் நேரம் மூச்சுப்பிடிப்பது என்ற பந்தயம். அதற்குமுன் நாலைந்து தடவை வேகமாக மூச்சிழுத்து விடுவார்கள். அதனால் உடம்பில் ஒட்சிசன் பெரிதாகக் கூடுவதில்லை, காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது. மூச்சு எடு என்று எங்களை அந்தரப்படுத்துவது அந்தக் காபனீரொட்சைட்டு. அது குறைந்தால் அந்தரம் வராது. ஒட்சிசனோ தீர்ந்துகொண்டே போகும். திடீரென்று நினைவு தப்பும். மேலே நிற்கும் நண்பர்கள், அவன் வெல்லப்போகிறான் என்று எண்ணிக்கொண்டே நிற்பார்கள். நீச்சல் போட்டிகளிலேயே சுவரிலிருந்து 15 மீற்றருக்குள் தலை மேலே வரவேணும் என்று விதி இருக்கிறது (மார்பு நீச்சலுக்கு விதி வேறு). எங்கள் கிணற்றடியில் விதி வைப்பவர் வீட்டுப் பெரியவர்தான். பந்தயத்தை நிறுத்துங்கள், ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை.

இன்னொன்று. குளித்து வந்ததும் காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள், கொண்டையூசி வேண்டவே வேண்டாம். தலையைச் சரித்துப் பிடித்தால் தண்ணீர் தானாக வடியும். வெளிக்காதைத் துவாயால் ஒற்றிவிடுங்கள். மறுநாளும் காது நொந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்