முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பகுதியில் 1930-களில் இளைஞர்களிடையே ஒரு புதிய பழக்கம் பரவிற்று. பல ஆண்டுகள் உழைத்து ஓய்ந்துபோன ஃபோர்டு கார்களை மிகக் குறைந்த விலைக்கு வாங்குவார்கள். அவற்றுள் பல 'டூரிங் கார்' வகையைச் சேர்ந்தவை. அதாவது, இரும்புக் கூரைக்குப் பதிலாக மடக்கக்கூடிய துணிக் கூரையுடன், நான்கைந்து பேர் அமரும்படி அமைந்த திறந்த கார்கள். மட்கார்டு, துணிக் கூரை, பின்னிருக்கை என ஓட்டத்திற்குத் தேவையற்ற அனைத்தையும் கழற்றிவிடுவார்கள். எஞ்சினைப் பிரித்துத் திருத்துவார்கள். பிறகு வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டி, யாருடைய வண்டி விரைவாகச் செல்கிறது என்று பார்ப்பார்கள். இவ்வாறு உருமாறிய கார்களுக்கே பின்னர் 'ஹாட் ராட்' என்ற பெயர் நிலைத்தது.

இது பணக்கார நாட்டு விளையாட்டு, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. சென்னைத் துறைமுகத்திலிருந்து வடக்கே எண்ணூர் வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் நிறுவனம், ஆஸ்டின் ஏ-40 கார்களின் பாகங்களை எண்ணூரில் பொருத்தி விற்றது. அந்நிறுவனமே 1955-இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, லாரி, பஸ் உற்பத்தியில் முனைந்தது. அதே 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழில் கால்கொண்டது. எண்ணூரில் பொருத்தப்பட்ட அந்த ஏ-40 வகைக் காரை, 1960-களில் அமெரிக்க ஹாட் ராட் பிரியர்கள் நேர்க்கோட்டுப் பந்தயத்திற்காகத் தேடிப் பிடித்தார்கள்! அது சிறியது, எடை குறைந்தது என்பதே காரணம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் மீனும் பனிக்கட்டியும் சுமக்கும் மீன்பாடி வண்டியை அறிவீர்கள். காலால் மிதித்து ஓட்டிய அந்த மூன்று சக்கர வண்டியில், பழைய ஸ்கூட்டர் அல்லது மோட்டார் சைக்கிளின் எஞ்சினைப் பொருத்தி ஓடச் செய்தவர்கள் நம் ஊர் மெக்கானிக்குகள். கலிபோர்னியாவில் விளையாட்டு, இங்கே வயிற்றுப்பாடு. ஆனால் செய்முறை ஒன்றே. கழித்துப்போட்ட எஞ்சினையும் கையிலிருக்கும் சட்டத்தையும் இணைத்து, குறைந்த செலவில் வேகத்தைப் பெறுவது. வடசென்னையின் ஹாட் ராட் மீன்பாடி வண்டிதான் என்றால் அது மிகையாகாது.

இந்தக் கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. இதில் பள்ளி இயற்பியலின் ஒரு பாதி அப்படியே அடங்கியிருக்கிறது. மறு பாதி விடுபட்டுப் போகிறது என்பதே என் கவலை.

முதற் பாதியைக் காண்போம். ஒரு பழைய கார் ஓட்டுநருடன் சேர்த்து 1,000 கிலோ எடையும், 40 குதிரைத்திறன் எஞ்சினும் உடையது என்று கொள்வோம். ஒரு குதிரைத்திறன் 25 கிலோவை இழுக்க வேண்டும். தேவையற்ற பாகங்களைக் கழற்றி 300 கிலோவைக் குறைத்துவிட்டால், ஒரு குதிரைத்திறனுக்கு 17.5 கிலோதான். எஞ்சினைத் தொடாமலேயே, 57 குதிரைத்திறன் கொண்ட 1,000 கிலோ காருக்கு இணையான துடிப்பு கிடைத்துவிடுகிறது. விசை = நிறை × முடுக்கம் என்ற நியூட்டனின் விதிதான் இது. செலவு? ஒரு ஸ்பேனரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்!

அடுத்தது எஞ்சின். உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை எவ்வளவு அழுத்தப்படுகிறதோ, அவ்வளவுக்கு எரிபொருளிலிருந்து கூடுதல் வேலையைப் பெறலாம். அமுக்க விகிதம் 4 என்றால் கொள்கையளவில் பயனுறுதிறன் 43 விழுக்காடு; 6 என்றால் 51 விழுக்காடு. இதற்காகவே சிலிண்டர் தலையின் அடிப்பரப்பைச் சிறிது இழைத்து எடுப்பார்கள். அளவு மீறினால் கலவை காலம் தவறி வெடித்து எஞ்சினைத் தட்டும்.

ஆனால் உச்ச வேகம் அத்தனை மலிவன்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகின்றன. எஞ்சின் திறனை இரட்டித்தாலும் உச்ச வேகம் ஏறத்தாழ 26 விழுக்காடுதான் உயரும்.

இனி மறு பாதி. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலும் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வண்டியை நிறுத்துவது என்றால் அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கில் வெப்பமாக மாற்றுவது. மணிக்கு 10 கிலோமீட்டரில் மிதித்துச் சென்ற வண்டி, எஞ்சின் ஏறியபின் 40 கிலோமீட்டரில் சென்றால், அதன் ஆற்றல் நான்கு மடங்கன்று, பதினாறு மடங்கு! நிறுத்தும் அமைப்பும் பதினாறு மடங்கு வேலை செய்ய வல்லதாக வளர்ந்ததா என்று கேட்பவர்கள் குறைவு.

பழைய டூரிங் காரிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கிறது. 1908 முதல் 1927 வரை தயாரான புகழ்பெற்ற ஃபோர்டு 'டி' மாடலின் முன் சக்கரங்களில் பிரேக்கே இல்லை. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதைப் பஸ்ஸில் நின்று செல்பவர்கள் அறிவார்கள். அப்போது முன் சக்கரங்களே தரையை அழுத்திப் பிடிக்கின்றன. பின் சக்கரங்களின் பிடி தளர்கிறது. பின் சக்கர பிரேக் மட்டும் நொடிக்கு நொடி 3 மீட்டர் என்ற அளவில் வேகத்தைக் குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 21 மீட்டரும், 80 கிலோமீட்டரில் 82 மீட்டரும் தேவை. நான்கு சக்கர பிரேக்கால் இதை ஏறக்குறையப் பாதியாக்கலாம். ஃபோர்டு கார்களில் பாஸ்கல் விதிப்படி இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் 1939-இல் வந்தபோது, அதைக் கழற்றித் தம் பழைய வண்டிகளில் பூட்டிக்கொண்டவர்கள் ஹாட் ராட் இளைஞர்களே. அவர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.

எனவே கையிலுள்ள பணம் குறைவென்றால், அதைச் செலவிடும் வரிசை இவ்வாறு அமைய வேண்டும் என்பேன்: முதலில் பிரேக், பிறகு ஸ்டீயரிங்கும் டயரும், அதன் பின் எடைக் குறைப்பு, எஞ்சின் கடைசியில்.

கட்டுப்பாடு விதித்தால் ஆர்வம் அழிந்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அமெரிக்காவில் 1951-இல் தோன்றிய தேசிய ஹாட் ராட் சங்கம், தெருப் பந்தயங்களைத் தனித் தளங்களுக்குக் கொண்டுசென்று, ஓடுமுன் வண்டிகளைச் சோதிக்கும் வழக்கத்தைப் பரப்பியது. விளையாட்டு அழியவில்லை, வளர்ந்தது. நம் ஊரிலும் 1953-இல் சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றிற்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில், திருத்தப்பட்ட ஃபியட், ஹெரால்டு கார்கள் பல்லாண்டுகள் பந்தயம் ஓடின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளமே அமைந்தது. இன்று பொறியியல் மாணவர்கள் தாமே வண்டி கட்டிப் போட்டியிடும் 'பாஹா' பந்தயத்தில், பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத வண்டிக்குப் பந்தயத்தில் இடமில்லை.

பொதுச் சாலை வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு அசல் வடிவம் குலையாமல் இருக்கும் வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய 2021-இல் விதிகள் வந்தன. ஆகவே முழுமையாகத் தப்பிப் பிழைத்த ஒரு பழைய டூரிங் காரை அறுப்பது, ஓலைச்சுவடியைக் கிழித்துப் பட்டம் செய்வதற்கு ஒப்பாகும். உருக்குலைந்த சட்டமும் அனாதை எஞ்சினும் போதும், கற்றுக்கொள்ள.

தடை விதிப்பதோடு நம் கடமை முடியவில்லை. மீன்பாடி வண்டிக்கு எஞ்சின் பூட்டத் தெரிந்தவருக்கு, அதை நிறுத்தும் கணக்கைச் சொல்லிக்கொடுக்க நாம் முன்வரவில்லையே! தொழிற்பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் தம் பட்டறைகளை வாரம் ஒரு நாள் திறந்துவைக்கட்டும். மெக்கானிக்குகள் தம் கைத்திறனோடு வரட்டும். மாணவர்கள் நாடாவும் நிறுத்தக் கடிகாரமுமாக வரட்டும். ஒரு வண்டி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதை மூடிய திடலில் அளந்து சுவரில் எழுதிவைக்கட்டும்.

அந்த எண் குறைந்த பிறகு, எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.