ஐம்பது ரூபாய்க் கதைகளும் நம் அலமாரிப் பூட்டும்

சென்ற ரஜப் மாதத்தில் ஒருநாள் இஷாத் தொழுகை முடிந்ததும் எங்கள் வேங்கிக்கால் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று ஒரு கைப்பேசியை என் கையில் திணித்தார். அவருடைய பேத்தியின் கைப்பேசி அது.

“ஹஜ்ரத், இதைப் பாருங்கள். பாடம் படிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். எல்லாம் கதையாம்! நாற்பத்தொன்பது ரூபாய்க்கு ஒன்று, சிலது இனாமாகவே கிடைக்கிறதாம். வருகிற ஜும்ஆ பயானில் தாங்கள் இதைக் கண்டித்தே ஆக வேண்டும்.”

படியாததைக் கண்டிப்பது ஆலிமுக்கு அழகன்று. ஒரு மாதத் தவணை கேட்டேன். கல்லூரியில் கணிதம் பயிலும் என் தங்கை மகள், மாதம் 169 ரூபாய் கட்டிப் படிக்கும் கிண்டில் சந்தாவை எனக்குத் திறந்து காட்டினாள். பிரதிலிபி என்னும் செயலியையும் அறிமுகப்படுத்தினாள். ஷஃபான் முழுவதும் படித்தேன். பெரியவர் கேட்ட கண்டனம் இதோ! ஆனால், அது அவர் எதிர்பார்த்த திசையில் செல்லாது.

முதலில், கதை என்றாலே ஆகாது என்போர்க்கு ஒரு சொல். அவர்கள் எடுத்துக்காட்டுவது நள்ரு இப்னு ஹாரிஸை. பாரசீகத்து ருஸ்தம், இஸ்ஃபந்தியார் கதைகளை மக்காவுக்குக் கொணர்ந்து, பெருமானார் (ஸல்) அவர்களின் அவையிலிருந்து மக்களைக் கலைப்பதற்காகவே அவற்றைச் சொன்னவன் அவன். லுக்மான் அத்தியாயத்தில் ‘லஹ்வல் ஹதீஸ்’ பற்றி வரும் வசனம் அவன் பொருட்டே இறங்கிற்று என்பது விரிவுரையாளர் சிலரின் கூற்று. சரி, அங்கே கண்டிக்கப்பட்டது கதையா, அவனது நோக்கமா? யூசுஃப் நபியின் வரலாற்றைக் கதைகளுள் அழகியதாகச் சிறப்பிப்பதும் அதே திருமறைதானே!

நம் மதரசாக்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்ட ஹரீரியின் மகாமாத் என்ன நூல்? ஐம்பது மகாமாக்கள். கதாநாயகன் அபூஸைத் ஊர் ஊராக வேடமிட்டுச் சென்று, வாய்ச்சாலகத்தால் பணம் பறிக்கும் எத்தன். அவன் பொய்யழுகை அழுது கூட்டத்தைக் கரைக்கும் இடங்களை உஸ்தாதுமார்கள் எங்களுக்கு எத்துணைச் சுவையோடு விளக்கினார்கள்! அன்று எவரும் ஃபித்னா என்று கூவவில்லை. அது அரபியில் இருந்தது, தோலட்டை போட்டிருந்தது. அவ்வளவுதான்.

மலிவு என்பதும் நேற்று வந்த நோயன்று. நம் மாவட்டத்து ஆரணிக்காரரான குப்புசாமி முதலியார், ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தவர், 1925இல் மறைந்தார். 1969இல் ராணி முத்து வந்தது. பின்னர் மாலைமதியும் க்ரைம் நாவலும் வந்தன. பேருந்து நிலையக் கடையில் கயிற்றில் தொங்கிய அந்நூல்களைப் பெரியவர்கள் அன்றும் இப்படித்தான் வைதார்கள். என் தாயார் எழுத்துக் கூட்டப் பழகியது அரபுத்தமிழில். தமிழ் எழுத்தில் அவருக்குச் சரளம் வந்தது, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் படித்த ராணி முத்துவால். பள்ளிக்கூட வாசல் அவருக்குப் பன்னிரண்டு வயதில் அடைபட்டது. அந்த மலிவு நூல் மட்டும் இல்லாதிருந்தால், பிற்காலத்தில் அவர் தமிழில் திருமறை விளக்கவுரை படித்திருக்க முடியுமா?

எனவே மலிவின் மேல் எனக்கு வழக்கில்லை. வழக்கு உள்ளடக்கத்தின் மேல்.

காதல், குடும்பக் கதைகளே மிகுதி. எழுதுவோரும் பெரும்பாலும் இல்லத்தரசிகளான பெண்கள். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் நான் படித்தவற்றுள் பலவற்றில் ஒரே அச்சு: செல்வச் செருக்குடைய ஒருவன், விருப்பமில்லாப் பெண்ணைக் கடத்திவந்து கட்டாயத் தாலி கட்டுகிறான், அறைகிறான், நானூறாம் பக்கத்தில் அவள் அவனைக் காதலிக்கிறாள். இதற்கு ‘ஆன்டி ஹீரோ’ என்று செல்லப் பெயர் வேறு! தம் விருப்பமின்றித் தந்தையார் முடித்துவைத்த திருமணத்தைக் குறித்து கன்ஸா பின்த் கிதாம் என்னும் பெண்மணி முறையிட்டபோது, அம்மணத்தையே ரத்துச் செய்தவர்கள் நம் பெருமானார். அந்த மரபில் வந்த நம் வீட்டுப் பெண், வன்முறையைக் காதல் என்று பயிலலாமா? சினத்தோடு தங்கை மகளிடம் கேட்டேன். “மாமா, நாங்கள் அதைப் படித்துச் சிரிப்போம். நீங்கள்தான் நம்பிவிட்டீர்கள்” என்றாள். பாதிச் சினம் தணிந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது; சிரிக்கத் தெரியாத பெண்ணும் அதைப் படிக்கிறாள் அன்றோ?

துப்பறியும் கதைகள் விறுவிறுப்பானவை. அவற்றில் சிலவற்றில் குண்டு வைப்பவன் பெயர் மட்டும் தவறாமல் நம் பெயராக இருந்தது. பேய்க் கதைகளில் தர்காவும் தாயத்தும் மேடைத் திரைபோலத் தொங்குகின்றன. இவ்வளவு போதும் அவை பற்றி.

என்னை உண்மையில் வருத்தியது சரித்திரக் கதைகள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையான பின் பொன்னியின் செல்வன் மிக மலிந்தது, நல்லதே. அதன் நிழலில் எழுதுவோர்க்குச் சோழரைவிட்டு நகர மனமில்லை. அவ்வாறு நகர்ந்தவர்கள் எழுதி, நான் படித்த சிலவற்றில் முஸ்லிம் என்பவன் வாளேந்தி வந்து கோயிலை இடித்துவிட்டுப் போகும் ஒரு தாடி, அவ்வளவே. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் மலையும் கோபுரங்களும் தெரியும். அவற்றுள் ஒன்று வல்லாள மகாராஜா கோபுரம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளர் திருவண்ணாமலையைத் தம் தலைநகராகக் கொண்டிருந்தவர். 1340களின் தொடக்கத்தில், முதுமைப் பருவத்தில், மதுரை சுல்தான் கியாஸுத்தீனோடு நடந்த போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். உரித்த அவர் தோலில் வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாக எழுதியவர் யார்? நம் இப்னு பதூதா! சுல்தானின் குடும்பத்தில் பெண் கொண்டிருந்தும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற அவனுடைய கொடுமையை அருவருத்தே எழுதினார் அவர். இங்கோ, பிள்ளையில்லாத அம்மன்னருக்கு மகன் முறையில் நின்று அண்ணாமலையாரே மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பதாக ஆண்டுதோறும் சடங்கு நடக்கிறது.

இதைவிட வேறென்ன கதை வேண்டும்? ஒரு முஸ்லிம் கொடுங்கோலன், அவனைக் கண்டித்த ஒரு முஸ்லிம் அறிஞர், ஆறரை நூற்றாண்டுகளுக்கு மேலாக மறக்கப்படாத ஓர் இந்து மன்னர்; அனைவரும் ஒரே கதையில். இதைக் கூச்சமின்றி, எவரையும் காப்பாற்ற முயலாமல் எழுதத் தகுதியுடையவர்கள் நாமே. இப்னு பதூதாவை மூலத்தில் ஓதிய ஆலிம்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! ஒருவர் எழுதியிருக்கலாகாதா?

இனி, இக்கதைகள் ஏன் இப்படி நீர்த்துப்போயின என்று பார்ப்போம். கிண்டில் சந்தாவில் எழுத்தாளருக்குக் கூலி, வாசகர் புரட்டிய பக்கக் கணக்கில். 2015 ஜூலை முதல் அந்நிறுவனம் வைத்த முறை இது. பத்துப் பக்கத்தில் முடியும் சண்டை நாற்பது பக்கம் இழுப்பதற்குக் காரணம் விளங்குகிறதா? பாலில் நீர் கலப்பவனுக்கு லிட்டர்க் கணக்கில் காசு கொடுத்தால் அவன் வேறென்ன செய்வான்! பிரதிலிபியில் நாளுக்கோர் அத்தியாயம். முக்கியமான இடத்தில் கதவு அடைபடும். நாணயம் வாங்கித் திறக்க வேண்டும். வார இதழ்த் தொடர்களும் இத்தந்திரம் அறிந்தவையே. ஆனால் அங்கே ஓர் ஆசிரியர் அமர்ந்து வெட்டினார், ஒற்றுப்பிழை திருத்தினார். இங்கே வெட்டுவோர் இல்லை. ‘பள்ளிக்குச் சென்றான்’ என்பதில் ‘ச்’ போட்டவர் எவரும் என் கண்ணில் படவில்லை.

ஆயினும் இவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உரிமை நமக்கு உண்டா?

சித்திலெவ்வையின் அசன்பே சரித்திரம் 1885இல் வெளிவந்தது. தமிழில் முதல் நாவல் நூலாகி ஆறே ஆண்டுகளுக்குப் பின். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே ‘காதலா கடமையா’ எழுதினார். தோப்பில் முஹம்மது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை நம் சமுதாய இதழான முஸ்லிம் முரசில் தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. இவற்றுள் ஒன்றையேனும் அப்பெரியவர் தம் பேத்தியின் கையில் கொடுத்ததுண்டா? கேட்டேன். பெயரே கேள்விப்பட்டதில்லை என்றார். அவர் வீட்டுத் திருமண அழைப்பிதழ் ஒன்றுக்கு ஆன செலவில் அப்பெண் நான்கைந்து நாவல்கள் வாங்கலாம். ஊர்தோறும் ஜமாஅத் அலமாரிகளில் கிஸ்ஸாக்களும் நாமாக்களும் மசலாக்களும் செல்லரித்துக் கிடக்கின்றன. சாவி முத்தவல்லியிடம், முத்தவல்லி வெளியூரில்!

ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூலை எவரும் அனுமதி கேளாமல் வெளியிடலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பாலேயே பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றி வருகிறது. சீறாப்புராணத்தை அங்கே நான் கைப்பேசியில் ஓதினேன். 2013 முதல் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினரும் இலவச மின்னூல்கள் தருகின்றனர். அவர்கள் கூலி வாங்கவில்லை, பயானும் செய்யவில்லை, செய்து காட்டினார்கள். நம்மவர்க்கு மேடையும் ஒலிபெருக்கியும் போதுமானதாயிருக்கிறது.

ஷஃபான் முடிந்தது. பெரியவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, பேத்தியிடமே திருப்பித் தரச் சொன்னேன். பயான் செய்ய இயலாது என்றும் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டு போனார். இன்றளவும் ஸலாமுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.

என் பாட்டனார் விட்டுச்சென்ற, அட்டை போன பழைய கிஸ்ஸா நூல் ஒன்று என்னிடம் உண்டு. ஆசிரியர் மறைந்து நூறாண்டுகள் ஆகின்றன. தங்கை மகளும் அவள் தோழியர் இருவரும் அதைத் தட்டச்சு செய்கின்றனர். நான் அரபுச் சொற்களுக்குக் குறிப்பு எழுதுகிறேன். பெரியவரின் பேத்தியும் இப்போது சேர்ந்திருக்கிறாள். நாற்பத்திரண்டு பக்கங்கள் முடிந்தன. பதினேழாம் பக்கம் மட்டும் கிழிந்து போயிருக்கிறது. அந்நூலின் வேறு படி எவர் வீட்டிலேனும் இருந்தால் இவ்விதழின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். படியெடுத்துப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.