வாடகை வீட்டு அடுப்பு

சென்ற இதழில் பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் சிலர், "அலுவலகக் காரியங்களையே எழுதுகிறீர்களே, அடுப்படிக் காரியம் ஒன்றும் எழுதலாகாதா?" என்று கேட்டனர். அவர்கள் கேட்ட வேளையோ என்னவோ, நம் வீட்டு அடுப்படியிலேயே ஒரு காரியம் நேர்ந்துவிட்டது. அதில் தவறு பெரும்பாலும் நம்முடையது. ஆயினும் அயலூரில் குடியிருக்கும் நம்மவர் பலரும் இதே தவற்றைச் செய்துவருகின்றனர் என்று அறிகிறோம். ஆதலால் வெட்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டு எழுதுகிறோம்.

நாம் இப்போது குடியிருப்பது கொல்லயில் என்னும் ஊரில். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, தனுவச்சபுரம் இரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி இது. தெற்கே சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எனவே இங்குள்ளோர் வாயில் இரு மொழியும் கலந்தே வழங்கும். வெளியிலிருந்து வந்த நமக்குப் பாதி புரியும். பாதி புரிந்தது போலத் தோன்றும். இந்தத் தோற்றமே நம்மை ஒருநாள் ஆபத்தின் விளிம்புவரை கொண்டுசென்றது.

நம் வீட்டுடைமையாளர் முதியவர், நல்லவர். அவருடைய மகன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். மகனுக்கென்று கட்டிய வீட்டையே நமக்கு வாடகைக்கு விட்டார். அடுப்பும், எரிவாயு உருளையும் வீட்டோடு வந்தன. இணைப்பு மகன் பெயரில் இருந்தது. மதுரையில் நம் பெயரில் இருந்த இணைப்பைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். "செலவு மிச்சம்" என்று அன்று மகிழ்ந்தோம்.

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் அடுப்பின் சுடர் நீலநிறம் மாறி மஞ்சளாக எரியலாயிற்று. பாத்திரங்களின் அடியில் கரி படிந்தது. ஒரு குமிழைத் திருப்பினால் கையோடு ஆடிற்று. நம் இல்லத்தரசி நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருந்தார். "வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்" என்பார். "சொல்லலாம், சொல்லலாம்" என்போம். இவ்வாறு மூன்று வாரம் கழிந்தது.

ஏன் சொல்லவில்லை? உண்மையைக் கூறிவிடுகிறோம். குடிவந்து நான்கு மாதமே ஆயிற்று. அதற்குள் குறை சொன்னால் இவர்கள் தொல்லைக்காரர் என்று எண்ணிவிடுவாரோ என்னும் அச்சம் ஒன்று. அடுப்பைக் கெடுத்தவர் நீங்களே என்று முன்பணத்தில் கைவைப்பாரோ என்னும் ஐயம் ஒன்று. நம் அரைகுறை மலையாளத்தில் பழுதை விளக்க இயலாதே என்னும் கூச்சம் ஒன்று. அலுவலகத்தில் பயணிகளின் முறையீடுகளைப் பெற்றுப் பெற்று மேலனுப்பும் நாம், நம் வீட்டு முறையீட்டை மட்டும் மேலனுப்பவில்லை.

ஒருநாள் மாலை அடுத்த வீட்டுச் சேச்சி மதிலருகே நின்று, "அடுக்களையில் நின்று ஒரு மணம் வருந்நல்லோ" என்றார். நம் இல்லத்தரசி மதுரைச் சீமையில் பிறந்தவர். மணம் என்றால் அவருக்கு நறுமணமே. தாம் கூட்டிய இரசத்தைத்தான் புகழ்கிறார் என்று கருதி, புன்னகை புரிந்து, "நாளை உங்களுக்கும் ஒரு கிண்ணம் தருகிறேன் சேச்சி" என்று சொல்லி வந்துவிட்டார். மலையாளத்தில் மணம் என்பது எந்த வாசனைக்கும் பொது. சேச்சி குறிப்பிட்டது எரிவாயுவின் வாடை. எந்நேரமும் உள்ளேயே இருந்த நம்மவர்களின் மூக்கு அவ்வாடைக்குப் பழகிப்போயிருந்தது.

மறுநாள் அந்தி வேளை. நாம் பணியிலிருந்து திரும்பிச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தோம். ஏழு வயது மகள் இருண்ட அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்கச் சென்று, விளக்கின் சுவிட்சை நோக்கிக் கையை உயர்த்தினாள். மதிலுக்கு அப்பாலிருந்து சேச்சியின் குரல் கேட்டது: "மோளே, லைட்டு இடல்லே! குற்றி பூட்டு!" விளக்கைப் போடாதே என்பது பொருள். குற்றி என்பது இங்கே எரிவாயு உருளைக்கு வழங்கும் பெயர். குழந்தை திகைத்து நின்றாள். பள்ளியில் மலையாளம் பயிலும் அவளுக்கு அச்சொல் விளங்கிற்று, நமக்கு விளங்கியிராது. நம் இல்லத்தரசி ஓடிச்சென்று ரெகுலேட்டரை மூடினார். நாம் கதவு சன்னல்களைத் திறந்தோம். எல்லாரும் முற்றத்து மழையில் வந்து நின்றோம். அன்றிரவு நெடுநேரம் நமக்கு உறக்கம் வரவில்லை.

எரிவாயுக் கசிவுக்கென்றே 1906 என்னும் தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் இருப்பதைச் சேச்சியின் மகன் சொல்லித்தான் அறிந்தோம். அவனே அழைத்தான். ஆள் வந்தார். இணைப்பு யார் பெயரில் என்று அவர் முதலில் கேட்கவில்லை. கசிவு எங்கே என்றே கேட்டார். சோப்பு நீரைக் குழைத்து ஒவ்வொரு மூட்டிலும் தடவினார். இரண்டு இடங்களில் குமிழி கிளம்பிற்று. உருளையின் வாயிலிருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. டியூப் அடுப்பைச் சேரும் முனையில் வெடித்திருந்தது. வாஷரை மாற்றினார். டியூப்பைக் கழற்றி நம் கையில் கொடுத்து, "புதியது வாங்கும்வரை எரிக்க வேண்டா" என்று சொல்லிப்போனார்.

அடுப்பின் பழுது பார்க்க ஏஜன்சிக்குச் சென்றபோதுதான் அடுத்த தொல்லை. "நுகர்வோர் எண் என்ன? பதிவான தொலைபேசி யாருடையது?" என்று கேட்டனர். எண் ஷார்ஜாவில் இருப்பவருடையது. செய்தி செல்வதும் அவருடைய பழைய தொலைபேசிக்கு. நாம் அந்த ஏட்டில் எவருமல்லோம். நான்கு நாள் இவ்வாறு கழிந்தது. அந்நான்கு நாளும் சேச்சி வீட்டுப் புறத்தடுப்பில் மட்டையும் கொதும்பும் சிரட்டையும் எரித்துச் சோறு பொங்கினோம்.

ஐந்தாம் நாள் வீட்டுடைமையாளரே வந்தார். நாம் தயங்கித் தயங்கி நடந்ததைக் கூறினோம். அவர் சினங்கொள்ளவில்லை, வருந்தினார். "ஏன் சாரே முதலிலேயே சொல்லவில்லை? என் மகனும் அங்கே வாடகை அறையில்தான் இருக்கிறான். எட்டுப்பேர் சேர்ந்த அறை. அடுப்புக் கெட்டபோது அறைக்காரனிடம் சொல்ல எட்டுப்பேரும் பயந்து, ஒரு வாரம் குப்பூஸைத் தின்று கிடந்தார்கள். அதைக் கேட்டு அவனைத் திட்டினவன் நான். என் வீட்டிலேயே நீங்கள் அப்படி இருக்கலாமா?" என்றார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை.

அன்று மாலையே அவர் அறிந்த மெக்கானிக் ஒருவர் வந்து அடுப்பைப் பிரித்தார். அருகில் அமர்ந்து அவரிடம் கேட்டறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

உருளையிலிருந்து வரும் வாயு ஜெட் என்னும் ஊசித்துளை வழியே பாய்கையில், பக்கத்திலுள்ள காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு குழலில் கலந்து பர்னருக்குச் செல்லும். அதில் அடங்கிய புரொப்பேன் ஒரு பங்கு முற்றும் எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும்; பியூட்டேனுக்கோ 31 பங்கு. குழலில் சிலந்தி கூடு கட்டினாலும், எறும்பு மண் சேர்த்தாலும், பால் பொங்கி வழிந்து துளைகள் அடைபட்டாலும் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்தால் சுடர் மஞ்சளாகும், கரி படியும், மணமோ நிறமோ அற்ற கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவும் பிறக்கும். நம் அடுப்பின் குழலில் இருந்தது சிலந்திக் கூடே. மஞ்சள் சுடர் எரிபொருளை வீணாக்குவதோடு நில்லாது உயிருக்கும் கேடு செய்யும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இவ்வாயுவுக்கு இயற்கையில் வாடை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கின்றனர். இது காற்றைவிடக் கனமானது. தரையோடு தங்கி நிற்கும். ஆதலால் சன்னலோடு கதவையும் திறக்க வேண்டும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றப் போதுமானது. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி எழக்கூடும் என்பதால் இரண்டும் ஆகா. தீக்குச்சி கிழித்துக் கசிவைத் தேடுவோர் இன்றும் உளர். அது தற்கொலைக்கு ஒப்பாகும்.

இனிச் செலவு யாருடையது என்பதற்கு வருவோம். உருளையும் ரெகுலேட்டரும் கம்பெனியின் உடைமை. நாம் கட்டுவது வைப்புத் தொகையே. டியூப் நுகர்வோர் வாங்க வேண்டியது. சுரக்ஷா என்னும் செம்மஞ்சள் நிற டியூப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுப்பு யார் வாங்கினாரோ அவருடையது. ஆனால் பழுதுச் செலவில் வழக்கு எழும். 2021 இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் அட்டவணை, வேறு உடன்பாடு இல்லையெனில் சமையலறைப் பொருத்துகளின் பழுதைக் குடியிருப்போர் பொறுப்பிலேயே வைக்கிறது. அது மாதிரியே, மாநிலங்கள் ஏற்றாலன்றிச் சட்டமாகாது. ஆயினும் காற்று எத்திசையில் வீசுகிறது என்பதை அது காட்டும். ஆகவே வாய்ச்சொல்லை நம்பாமல், குடிபுகும் நாளிலேயே எழுதிக்கொள்வது இருவர்க்கும் நன்று. நாமும் வீட்டுடைமையாளரும் அன்றே ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டோம்: அடுப்பும் அதன் உறுப்புகளும் அவர் செலவு; டியூப்பும் ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதும் நம் செலவு.

கடல் கடந்து இலண்டன் முதலிய பிரிட்டன் நகரங்களில் வாழும் அன்பர்க்கு ஒரு சொல். அங்கே 1998 ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு விதிகளின்படி, வாடகை வீட்டில் உடைமையாளர் வைத்துள்ள எரிவாயுக் கருவிகளைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பதிவு பெற்ற பணியாளரைக் கொண்டு சோதிப்பது அவர் கடமை. சோதனைச் சீட்டின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்போர்க்கு அளிக்கவும் வேண்டும். அதைக் கேட்டுப் பெறுதல் உரிமை. கேட்கக் கூச்சப்படும் நம்மவர் அங்கும் இருப்பர் என்றே எண்ணுகிறோம். நம் நாட்டில் அத்தகைய கட்டாயம் இல்லாமையால் நாமே கேட்டு நடத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இடம் பெயர்வோர் இணைப்பையும் உடன் பெயர்த்துச் செல்க. நாகர்கோவிலில் ஏறித் தனுவச்சபுரத்தில் இறங்க ஒரு சீட்டுப் போதும். எல்லை குறுக்கே நில்லாது. எரிவாயுவுக்கு அவ்வாறன்று. பழைய ஊர் ஏஜன்சியில் உருளையையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, கட்டிய வைப்புத் தொகையையும் மாற்றுச் சீட்டையும் பெற்று, அதைப் புதிய ஊரில் காட்டி, அன்றைய வைப்புத் தொகையைக் கட்டினால் நம் பெயரிலேயே இணைப்புக் கிடைக்கும். அடுப்பு நம்மிடமே இருக்கும். பதிவு பெற்ற நுகர்வோர்க்காக எண்ணெய்க் கம்பெனிகள் விபத்துக் காப்பீடும் செய்துள்ளன. பிறர் பெயரில் எரிப்போர், துன்பம் நேர்ந்த நாளில் ஏட்டில் எவருமல்லாதவராய் நிற்க நேரிடும். முகவரிச் சான்று இல்லாத கூலித் தொழிலாளர்க்கு 5 கிலோ சிறு உருளை உண்டு. அடையாளச் சான்று ஒன்றைக் காட்டிச் சந்தை விலைக்கு வாங்கலாம். உஜ்வலா திட்டத்தின் 2021 ஆம் ஆண்டுப் பகுதியில், இடம் பெயர்ந்த ஏழைக் குடும்பத்தார் தாமே அளிக்கும் உறுதிமொழியை முகவரிச் சான்றாக ஏற்றனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

நாம் தம்பியிடம் சொல்லி மதுரை உருளையை ஒப்படைக்கச் செய்தோம். தம்பி தன் பெயரில் புதிய இணைப்புப் பெற்றான். மாற்றுச் சீட்டு வந்து, சென்ற மாதம் கொல்லயில் முகவரியில் நம் பெயர் பதிவாயிற்று. சுடர் நீலமாக எரிகிறது. சேச்சிக்கு வாக்களித்த இரசம் கிண்ணத்தில் அன்று, பானையோடு போயிற்று.

அன்பர்களே, இவ்விதழைப் படித்து முடித்தவுடன் எழுந்து சென்று உங்கள் வீட்டுச் சுடரின் நிறத்தைப் பாருங்கள். டியூப்பின் மேலுள்ள ஆண்டைப் பாருங்கள். பழுதிருப்பின் இன்றே வீட்டுடைமையாளரிடம் சொல்லுங்கள். மொழி தெரியாவிடில் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். புதிய ஊரின் பேச்சில் கசிவு, தீ, உதவி, மருத்துவர் என்னும் நான்கு சொற்களையேனும் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் குடும்ப அட்டை மாற்றத்தைப் பற்றி எழுதுவோம்.