சொல் பிறந்தது, கதை எங்கே?

வட சென்னையில் வியாசர்பாடியை அடுத்து எம்.கே.பி. நகர் என்னும் குடியிருப்பு இருக்கிறது. பஸ் பலகையிலும் தபால் விலாசத்திலும் மூன்று இங்கிலீஷ் எழுத்துக்களாகச் சுருங்கிப்போன அப்பெயரின் விரிவு, மகாகவி பாரதி நகர் என்பதாகும். உலகத்தின் அறிவெல்லாம் தமிழில் வந்து சேரவேண்டுமென்று துடித்த கவியின் பெயரைத் தாங்கிய அந்நகரில், பதினாறு வயதுப் பிள்ளை ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வகுப்புத் தோழன்மீது தான் கொண்டிருப்பது வெறும் சிநேகமன்று, காதல் என்பதை அவன் ஒருநாள் உணர்கிறான். தன் தோழியிடம் அவ்வாறே மனம் வைத்த பெண் ஒருத்தி அடுத்த தெருவிலேயே இருக்கலாம். இவ்விருவரும் தங்களைத் தாங்களே அறிந்துகொள்வதற்குத் தமிழிலே படிக்கத்தக்க கதை எது? இதுவே நாம் இன்று கேட்கும் கேள்வி.

அவர்கள் செவியில் விழும் தமிழ் யாது? தெருமுனையில் வசைச்சொல், சினிமாக் கொட்டகையில் கேலிச் சிரிப்பு, வீட்டிலோ மௌனம். தன்னைப்போல் உலகில் வேறொருவரும் இல்லையென்று நம்பும் இளம் உள்ளம் எவ்வளவு துன்புறும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீட்டைவிட்டு ஓடினவர்களும், விருப்பமின்றி மணம் செய்விக்கப்பட்டவர்களும், உயிரையே மாய்த்துக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு.

சட்டம் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது. ஒருபாற் காதலைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, 1860-இல் வெள்ளையர் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. நாடு விடுதலை பெற்று 71 ஆண்டுகள் கழிந்த பின்னரே இவ்விடுதலை கிடைத்தது. பின்னர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம் பெண்களின் வழக்கில், சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் தேதி ஓர் உத்தரவு பிறப்பித்தார். இத்தகையோரை ‘மாற்றுகிறோம்’ என்று செய்யப்படும் வைத்தியத்தை அது தடை செய்தது. இவ்விஷயம் தமக்கே விளங்கவில்லையென்று கூறி, மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டு அந்நீதிபதி தீர்ப்பெழுதினார் என்பது நாம் அனைவரும் நினைவிற்கொள்ளத்தக்க செய்தி. அவ்வழக்கின் பயனாக, இம்மக்களை மரியாதையுடன் குறிப்பதற்கான சொற்களைத் தொகுத்து 2022-இல் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு, திருநம்பி முதலிய சொற்கள் இன்று சர்க்கார் அங்கீகாரம் பெற்ற தமிழாகும்.

ஆகவே சொல் பிறந்துவிட்டது. ஆனால் சொற்பட்டியலைப் படித்து ஆறுதல் அடைந்த பிள்ளை எங்கேனும் உண்டோ? ஆறுதல் தருவது கதை. தன் நெஞ்சில் நிகழ்வது இன்னொரு நெஞ்சிலும் நிகழ்ந்ததென்று காட்டவல்லது கதை ஒன்றே.

இங்கிலீஷில் அத்தகைய கதைகள் வந்துள்ளன. ஹிமாஞ்சலி சங்கர் 2014-இல் எழுதிய ‘டாக்கிங் ஆஃப் முஸ்கான்’ என்னும் நாவலில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற ஒரு பள்ளி மாணவியைப் பற்றி அவளுடைய வகுப்பினர் மூவர் மாறி மாறிப் பேசுகின்றனர். பெண்ணை நேசித்தது அவளைச் சாகத் தூண்டவில்லை. சுற்றியிருந்தோரின் ஏளனமே தூண்டியது என்பதை வாசிப்போர் உணர்கின்றனர். கொழும்பில் தமிழ்த் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்து, 1983-ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப்பின் கனடாவில் குடியேறிய ஷியாம் செல்வதுரை, 2005-இல் இளைஞருக்கென்றே ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் ஸீ’ என்னும் நாவலை வெளியிட்டார். 1980-ஆம் ஆண்டுக் கொழும்பில், தாய்தந்தையற்ற பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வந்த உறவுப் பையன் நிரேஷிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். பொறாமையால் வெந்து தவிக்கிறான். முடிவில் தன்னைத் தானே அறிந்துகொள்ளத் தொடங்குகிறான். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை எழுதிய இக்கதையைப் படிக்கவும் வியாசர்பாடி மாணவன் இங்கிலீஷ் கற்றுத்தானாக வேண்டுமா?

தமிழ் முற்றும் வறண்டுபோய்விடவில்லை. சு. சமுத்திரம் 1994-லேயே ‘வாடாமல்லி’யில் ஒரு கல்லூரி மாணவர் திருநங்கையாக மாறும் வேதனையை எழுதினார். லிவிங் ஸ்மைல் வித்யாவும் ரேவதியும் தம் வாழ்க்கையைத் தாமே எழுதித் தமிழுக்குப் பெருமை சேர்த்தனர். எனினும் அவை வளர்ந்தோர்க்கான நூல்கள், துயரமே மிகுந்தவை. நட்பும் நாணமும் பரீட்சைப் பயமும் முதற் காதலும் கலந்த பள்ளிப் பருவத்தை, இப்பிள்ளைகளின் கண்கொண்டு நோக்கும் தமிழ் நாவல்கள் மிக மிக அரியன.

“இது மேனாட்டுச் சரக்கு” என்று சிலர் கூறுவர். 1860-ஆம் ஆண்டுச் சட்டமன்றோ மேனாட்டுச் சரக்கு! அன்னியன் செய்த விலங்கைச் சுதேசி ஆபரணமென்று பூண்டுகொள்வது எத்தகைய தேசபக்தி? ஆண்பெண் என்னும் வரம்பில் அடங்காதோரை எப்பாலில் வைத்துச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பியமே விதி வகுத்திருக்கிறது. “சிறுவர் கெட்டுப்போவர்” என்பது மற்றோர் ஆட்சேபம். நாம் கேட்பது சிற்றின்ப நூலன்று. அன்பைப் பற்றிய கதை. நட்பின் நன்மை தீமைகளை ஐந்து அதிகாரங்களில் ஆராய்ந்த வள்ளுவரைப் பள்ளியில் ஓதுவிக்கும் நாம், நட்பு எங்கே காதலாகிறது என்று திகைக்கும் பிள்ளைக்கு வழிகாட்டாமல் விடலாமா? கதையைப் படித்து ஒருவனுடைய இயல்பு மாறுவதில்லை. இராஜா ராணிக் கதைகளை ஆயிரம் படித்தும் அவன் இயல்பு மாறவில்லையே! மாறுவது பக்கத்துப் பெஞ்சில் இருப்பவனுடைய கேலிதான். ஆகவே இக்கதைகள் அவ்வொரு பிள்ளைக்கு மட்டுமல்ல, அவனைச் சுற்றியுள்ள நாற்பது பேருக்கும் வேண்டுவன. நீதிபதிக்கே பாடம் தேவைப்பட்டதெனில், மாணவருக்கும் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தேவையில்லையா?

செய்ய வேண்டுவது என்ன? எழுத்தாளர்கள், முக்கியமாக இவ்வாழ்வை வாழ்ந்தறிந்தவர்கள், இளைஞருக்காக எழுத முன்வரவேண்டும். பதிப்பாளர்கள் அஞ்சாமல் அச்சிடவேண்டும். செல்வதுரையின் நாவல் போன்றவற்றை நல்ல தமிழில் பெயர்த்துத் தரவேண்டும். பொது நூலகத் துறை அவற்றை வாங்கி ஏழை மக்கள் வாழும் பேட்டைகளின் நூலகங்களில் முதலில் வைக்கவேண்டும். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. எம்.கே.பி. நகர் வீட்டுக்காரரும் அதைச் செலுத்துகிறார். அவ்வீட்டில் குடியிருக்கும் பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய புத்தகம் ஒன்று கேட்க உரிமை இல்லையென்று யார் சொல்லமுடியும்?

ராஜீய ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. 1918-இல் இதே பெரம்பூர்ப் பகுதியில்தான் மில் தொழிலாளர்கள் கூடிச் சென்னைத் தொழிற்சங்கத்தை நிறுவினர். தனித்தனியே விழுங்கிய துயரம் பலருக்கும் பொதுவானது என்று அறிந்த அன்றே அவர்கள் நிமிர்ந்து நின்றனர். தனிமையில் வெதும்பும் இவ்விளைஞர்களுக்கு அவ்வறிவைத் தரவல்லது புத்தகம். உரிமையைப் பற்றி மேடையில் முழங்கும் அன்பர்கள், தங்கள் பேட்டை நூலகத்துக்குச் சென்று இத்தகைய நூல் உண்டா என்று ஒருமுறை கேட்பார்களாக. இல்லையெனில், அது வரும்வரை கேட்பார்களாக. கவியின் பெயரை நகருக்குச் சூட்டினோம். அந்நகரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கதை தருவது நம் கடமையாகும்.