இருளில் இறங்கும் மாடிப்படிகள்

1997 ஜூன் 13 இல் டில்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். அவர்களைக் கொன்றது நெருப்பல்ல, புகை. மின்சாரம் நின்றதும் அவசர விளக்குகள் எரியவில்லை. பல்கனியில் இருந்தோர் வாயிலைக் காணாது மூச்சுத் திணறினர்.

2025 பெப்ரவரி 9 இல் நமது நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பட்டப்பகலில் நிகழ்ந்தமை நமது அதிர்ஷ்டமே.

வெளியேறும் வழியில், மின்சாரம் நின்றாலும் குறைந்தது ஒரு லக்ஸ் ஒளி வேண்டுமென்பது ஐரோப்பிய நியமம். பூரணை நிலவொளியின் சில மடங்கு, அவ்வளவே. மின்கல விளக்கே போதுமானது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே பழுகாமமாயினும் கிழக்கே காத்தான்குடியாயினும், பாடசாலையோ பள்ளிவாசலோ கடைத்தொகுதியோ, மாடி எழுமிடத்தில் உள்ளூராட்சி சபைகள் வரைபடத்தை மட்டும் பார்த்து அமையக்கூடாது. இரவில் மின்சாரத்தைத் துண்டித்து, அந்தப் படிகளில் இறங்கிப் பார்த்த பின்னரே இணக்கச் சான்றிதழ் வழங்க வேண்டுமென நாம் கோருகின்றோம்.