சைக்கிள் டிராக் கேக்காதீங்க சாமிகளா, வண்டிப்பாதையைக் காப்பாத்துங்க!

சக பதிவர் ஒருத்தர் போன வாரம் ஒரு படம் போட்டிருந்தார். டான்யூப் நதிக்கரை. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல மண்பாதை, அதுல ரெண்டு பேர் ஹாயா சைக்கிள்ல போறாங்க. கீழ ஒரு வரி: "நம்ம நாட்டுல இப்படி ஒரு பாதை வர இன்னும் நூறு வருஷம் ஆகும்". வந்த பின்னூட்டம் எல்லாம் ஆமாம் சாமி ரகம். நமக்கு சிவிக் சென்ஸ் இல்ல, அரசு சைக்கிள் டிராக் போடல, நாடு உருப்படாது இத்யாதி இத்யாதி.

அதைப் படிச்சதுல இருந்து வயித்தெரிச்சல். ஆபீஸ்ல ஆணி புடுங்குறதை ஓரமா வச்சுட்டு இதை எழுதுறேன். திட்டுறவங்க முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க :)

முதல்ல அந்த டான்யூப் பாதைக்கு வருவோம். அதைச் சைக்கிளுக்காக எவனும் போடல. அந்தக் காலத்துல ஆத்துல எதிர்த்திசைல படகு போகணும்னா, கரையில குதிரைங்க கயித்தைக் கட்டி இழுத்துட்டு நடக்கும். அந்தக் குதிரை நடந்த தடம்தான் அது. நீராவிக் கப்பல் வந்ததும் குதிரைக்கு வேலை போச்சு, ஆனா தடத்தை யாரும் முழுங்கல. 1980-கள்ல அதுல சைக்கிளை விட்டாங்க, அவ்வளவுதான். இங்கிலாந்துலயும் இதே கதை. ஊர் ஊரா பொதுப்பாதை எங்க இருக்குன்னு வரைபடம் போட்டு வைக்கணும்னு 1949-ல சட்டம் போட்டாங்க. குதிரைப் பாதையில சைக்கிளும் போகலாம்னு 1968-ல இன்னொரு சட்டம். நடக்கிறவங்களுக்கும் குதிரைக்காரங்களுக்கும் சைக்கிள்காரன் வழிவிடணும்னு அதே சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க.

அதாவது மக்களே, அவங்க புதுசா ஒண்ணும் கட்டல. இருந்ததைத் தொலைக்காம வச்சிருந்தாங்க. நம்மகிட்டயும் இருந்தது, இன்னும் பாதி இருக்கு. நாமதான் அதைப் பாக்காம வெளிநாட்டுப் படத்தைப் பாத்து ஜொள்ளு விட்டுட்டு இருக்கோம்.

எங்க ஊர் வாசுதேவநல்லூர். இப்போ தென்காசி மாவட்டம், 2019 வரைக்கும் நெல்லை மாவட்டம். மேற்கே பாத்தா மலை. மலையடிவாரத்துல தலையணை. தெக்கே புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்க, வடக்கே சிவகிரி. ஊருக்கு நடுவுல திருமங்கலம் - கொல்லம் ரோடு (அப்போ என்.எச். 208, இப்போ 744). இந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டுறது தற்கொலைக்குச் சமம். ஒரு பக்கம் கேரளா லாரி, இன்னொரு பக்கம் ஆம்னி பஸ்.

ஆனா ரோட்டை விட்டு நூறு அடி உள்ள இறங்கிப் பாருங்க. வேற உலகம். குளத்துல இருந்து குளத்துக்குப் போற வாய்க்கால். வாய்க்கால் கரையில பனை, புங்கை, வேம்பு. கரை ஓரமா மாட்டு வண்டி போன தடம், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல மட்டும் புல்லு. கொஞ்ச தூரம் தென்னந்தோப்பு நிழல், கொஞ்ச தூரம் வயல். கிழக்கே நெற்கட்டும்செவல் பக்கம் போகப் போக நிலம் வெளிச்சுன்னு விரியும். பக்கத்து மலையில பொறந்து வைப்பாத்துல போயி சேருற நிட்சேப நதியில வருஷத்துல பாதி நாள் மணல்தான் ஓடும். ஆனா ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழி தை மாசத்துல வாங்க. குளமெல்லாம் நிறைஞ்சிருக்கும். காலைல ஆறு மணிக்கு அந்தக் கரையில ஓட்டிட்டு அப்புறம் சொல்லுங்க, டான்யூப் வேணுமான்னு.

இதுக்கு 'கிராவல் பைக்' வேணுமாம். ஒரு லட்சத்தைத் தாண்டும். எங்க ஊர்ல கிராவல்னா டிப்பர் லாரியில ராத்திரியோட ராத்திரியா அள்ளிட்டுப் போறது. எங்க ஆளுங்க பாஷையில சரள் மண்ணு. சரி, அந்த பைக்ல அப்படி என்னதான் விசேஷம்னு பாத்தா 40 மி.மீ. அகல டயராம். சித்தப்பாவோட பழைய அட்லஸ் டயரைப் பாத்தேன். 28 x 1½ன்னு போட்டிருக்கு. சர்வதேச அளவுல சொன்னா அது 40-635. முதல் எண்தான் அகலம். அதே 40 மி.மீ.! கரடுமுரடான பாதைக்கு அகல டயர்தான் வேணும்னு நம்மாளுங்களுக்கு யாரும் சொல்லித் தரல. அந்த அட்லஸ் கம்பெனியோட சாஹிபாபாத் ஆலையை 2020-ல மூடிட்டாங்க, அதுவும் ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்னிக்கு. கொடுமை.

மண்ரோட்டை யாரும் கேவலமா நினைக்க வேண்டாம். கும்பினி பீரங்கிக்குத் தாக்குப்பிடிச்ச பூலித்தேவர் காலத்து மண்கோட்டை இருந்த ஊருய்யா இது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அட்லஸை எடுத்துக்கிட்டு, சின்ன வயசுல போன ஒரு வண்டிப்பாதையில போனேன். ஒரு கிலோமீட்டர் கூட போகல. குறுக்க கம்பி வேலி. சுத்தி வேற பக்கமா போனா அங்க பிளாட் கல்லு நட்டு, கொடி கட்டி, 'விற்பனைக்கு'. மூணாவது இடத்துல பாதையே காணோம், சீமைக்கருவேலம் மூடிருச்சு. ரெண்டு டயரும் பஞ்சர். வண்டியை உருட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தா சித்தப்பா சிரிக்காரு. "ஏல, அந்தப் பாதையிலதான் ரெட்டை மாட்டு வண்டியில வைக்கோல் ஏத்திட்டு வருவோம். இப்ப டிராக்டர் ரோட்டோட போயிருது. யாரு அதுல போறா?"

அவர் சொன்னதுல ஒரு முழு வரலாறே இருக்கு. மாடு போச்சு, வண்டி போச்சு, ஆள் நடமாட்டம் போச்சு. ஆள் போகாத பாதையை மொதல்ல முள்ளு எடுத்துக்கும், அப்புறம் பக்கத்து வேலி எடுத்துக்கும்.

சும்மா விடல. தமிழ்நாடு அரசோட இ-சேவை நிலப்பதிவு தளத்துல சர்வே எண்ணைப் போட்டா அ-பதிவேடு வரும். பட்டா நிலத்துக்குப் புலப்படமும் கிடைக்கும். காசு கிடையாது. உக்காந்து தேடுனேன். எங்க பக்கத்து சர்வே எண்ல தெளிவா 'வண்டிப்பாதை'ன்னு புறம்போக்கா போட்டிருக்கு. நீள அகலம் எல்லாம் மீட்டர்ல இருக்கு. டேப்பை எடுத்துக்கிட்டுப் போயி அளந்தேன்.

படத்துல நாலு மீட்டர். தரையில ரெண்டரை.

அந்த ஒன்றரை மீட்டரை முழுங்குனது யார்னு நினைக்கீங்க? ரியல் எஸ்டேட்காரன் இல்ல, அரசியல்வாதி இல்ல. எங்க தோப்பு! எங்க குடும்பத்து வேலி! அவ்வ்வ்வ்வ்...

சித்தப்பாகிட்ட சொன்னேன். மூஞ்சி செவந்துருச்சு. "நீ மெட்ராஸ்ல இருந்து வந்து எனக்குப் பாதை அளக்கியோ? ராத்திரி யானை வந்து தென்னையைச் சாய்க்கும்போது நீயா வந்து காவல் இருக்க?" பதில் சொல்ல முடியல. புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரின்னு மலையடிவாரத் தோப்பு முழுக்க யானையும் பன்னியும் இறங்குறது நிஜம். இதுல பாதையில தண்ணி அடிச்சுட்டு பாட்டிலை வயல்ல உடைச்சுப் போடுற கூட்டம் வேற. வேலி போடுறவன் எல்லாம் அயோக்கியன் இல்ல. ஆனா வேலியை உங்க எல்லையில போடுங்க, பாதையில போடாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கது. ரெண்டு நாள் பேசல. கிளம்புற அன்னிக்கு, "ஆடிக்குள்ள நகட்டிருதேன்"னாரு. எந்த வருஷத்து ஆடின்னு கேக்கல.

இப்போ சைக்கிள் சங்கத்து நண்பர்களுக்கு. ஞாயித்துக்கிழமை காருக்கு மேல சைக்கிளைக் கட்டிக்கிட்டு ஈ.சி.ஆர். போறீங்க. ஸ்ட்ராவாவுல கோடு போடுறீங்க. அரசுக்கு மனு குடுத்து சைக்கிள் டிராக் கேக்கீங்க. போட்டா என்ன நடக்கும்? பேவர் பிளாக் பதிப்பாங்க, ரிப்பன் வெட்டுவாங்க, ஆறாவது மாசம் அதுல பைக் நிக்கும், பானிபூரிக் கடை நிக்கும். ஆத்தங்கரையில கேட்டா கரையை கான்க்ரீட் போட்டு மரத்தை வெட்டிட்டு டைல்ஸ் ஒட்டிக் குடுப்பாங்க. இதுக்கா இவ்வளவு கூப்பாடு?

அதுக்குப் பதிலா கீழ உள்ளதைச் செய்யுங்க:

1. உங்க ஊர், இல்லைன்னா தாத்தா ஊர் வண்டிப்பாதையை அ-பதிவேட்டுல தேடுங்க. புலப்படத்தைச் சேமிச்சு வைங்க.

2. போயி ஓட்டுங்க. மாசம் ஒரு தடவையாவது. நாலு பேர் போற பாதையில வேலி போட யாருக்கும் கொஞ்சம் கூசும்.

3. அடைச்சிருந்தா சண்டைக்குப் போகாதீங்க. மொதல்ல பேசுங்க. நடக்கலையா, ஜமாபந்தியில மனு, இல்லைன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். ஊராட்சின்னா ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபை இருக்கு. புறம்போக்கு ஆக்கிரமிப்பை எடுக்க 1905-லயே சட்டம் இருக்கு, புதுச் சட்டம் தேவையில்ல.

4. படல் இருந்தா திறந்துட்டுப் போயி திரும்ப மூடுங்க. ஆடு மாட்டுக்கு நின்னு வழி விடுங்க. குப்பை போடாதீங்க. வனத்துறை எல்லைக்கல்லைப் பாத்தா திரும்பிருங்க. அதுக்கு அந்தப் பக்கம் யானையோட பாதை, நம்மளது இல்ல.

'நம்ம நாட்டுல வராது'ன்னு இனிமே யாராவது எழுதுனா, அவங்க ஊர் சர்வே எண்ணைக் கேப்பேன். சொல்லத் தெரியலைன்னா அது நாட்டோட குத்தம் இல்ல.

பி.கு 1: சீமைக்கருவேல முள்ளுக்கு லட்ச ரூபா டயரும் ஒண்ணுதான், அட்லஸும் ஒண்ணுதான். பஞ்சர் ஒட்டக் கத்துக்கோங்க.

பி.கு 2: கிழக்கே கரிசல் மண்ணு. மழை பெஞ்ச மறுநாள் அங்க போயிராதீங்க. மட்கார்டுக்குள்ள களி அப்பிக்கிட்டு சக்கரமே சுத்தாது. சொந்த அனுபவம்.

பி.கு 3: இந்தப் பதிவைச் சித்தப்பாகிட்ட யாரும் காட்டிராதீங்க. ஆடி வரைக்குமாவது :)