ஒரு கிணறு, பல பாத்திகள்

"பிள்ளைகளுக்குக் கணனி படிப்பிக்க ஓர் அறை வேண்டும். யாரிடமாவது பழைய கணனிகள் கேட்டு வாங்கித் தாருங்கள்" என்று பெற்றோர் எம்மிடம் கேட்பதுண்டு. கோரிக்கை நியாயமானதே. ஆனால் பழைய கணனிகளைக் கேட்டு வாங்குவதில் எமக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

முன்னொரு தடவை எமது நிலையம் ஒன்றுக்குப் பன்னிரண்டு கணனிகள் அன்பளிப்பாக வந்தன. எங்கோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிடப்பட்டவை. பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். ஒன்றில் தமிழ் எழுத்து வரும், அடுத்ததில் சதுரம் சதுரமாக வரும். பழுது பார்க்க வந்தவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கூலி கேட்டார். ஒரு வருடத்தில் ஐந்துதான் மிஞ்சின. தந்தவர்களோ படம் எடுத்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார்கள்.

இதற்கு மாற்றாக ஒரு வழி இருக்கிறது. தோட்டம் செய்தவர்களுக்கு அதை விளக்குவது கடினமல்ல. ஒவ்வொரு பாத்திக்கும் ஒவ்வொரு கிணறு நாம் வெட்டுவதில்லை. ஒரு நல்ல கிணற்றை வெட்டி வாய்க்கால் வழியே எல்லாப் பாத்திகளுக்கும் நீர் பாய்ச்சுகிறோம். அதேபோல, அறையின் மூலையில் பலமான கணனி ஒன்றை வைப்பது. அதனைச் சேர்வர் என்பார்கள். பிள்ளைகளின் மேசைகளில் இருப்பது உள்ளங்கை அளவான சிறு கணனிப் பலகையும், ஒரு திரையும், விசைப்பலகையும், மவுசும் மாத்திரமே. பிள்ளை தட்டும் எழுத்து வயர் வழியே சேர்வருக்குப் போகிறது. வேலை அங்கே நடக்கிறது. அதன் படம் திரும்பி வந்து பிள்ளையின் திரையில் விழுகிறது.

இது புதுமையான எண்ணமல்ல. ஒரு கணனியில் ஓடும் வேலையை இன்னொரு கணனியின் திரையில் காட்டும் ஒழுங்கு 1984 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கக்கூடிய லினக்ஸ் 1991 இல் வந்தது. அவ்விரண்டையும் கொண்டு வகுப்பறைகளுக்கு ஏற்ற ஓர் ஏற்பாடு 1999 இல் தொடங்கப்பட்டது. எல்.ரி.எஸ்.பி. என்பது அதன் பெயர். கிரேக்க நாட்டில் அரச பாடசாலைகள் பல இதனைப் பாவிக்கின்றன. 2009 இன் பின் அந்நாடு கடனில் மூழ்கிப் பாடசாலைகளுக்குப் பணம் இல்லாதிருந்த காலத்தில், பழைய கணனிகளைக்கூட எறியாமல் சேர்வரோடு இணைத்து வேலை வாங்க இது உதவியது. ஓரளவு பலமுள்ள கணனி மென்பொருளைச் சேர்வரில் இருந்து எடுத்து வேலையைத் தானே செய்யும். மெலிந்தது படத்தை மாத்திரம் காட்டும். அங்குள்ள ஆசிரியர்கள் இதனை மற்றவர் செய்து தரும் வரை காத்திருக்காமல் தாமே திருத்தி வளர்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிறு பலகைகளில் பெயர்பெற்றது றாஸ்பெரி பை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி 2012 பெப்ரவரியில் 35 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. டொலர்க் கணக்கு எம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2022 தொடக்கத்தில் 35 டொலர் ஏறத்தாழ 7,000 ரூபா. அதே வருடம் மே மாதத்தில் 12,000 ரூபாவைத் தாண்டிவிட்டது. அந்நாட்களில் உலகெங்கும் இப்பலகைகளுக்குத் தட்டுப்பாடும் இருந்தது. ஆகவே இது மலிவு, ஆனால் எந்நாளும் மலிவல்ல.

மிச்சம் மின்சாரத்தில் இருக்கிறது. பத்துப் பலகைகளும் சேர்ந்து இழுப்பது ஒரு பழைய மேசைக் கணனி இழுப்பதைவிட அதிகமாகாது. திரைகளின் கணக்கு வேறு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். சேர்வருக்கு மாத்திரம் ஒரு மின்கலச் சேமிப்புப் பெட்டி வைத்தால், திரைகள் அணைந்தாலும் பிள்ளை எழுதிய கடிதம் சேர்வரில் உயிரோடு இருக்கும். அதற்கேற்ப ஒழுங்கு செய்திருந்தால், மின்சாரம் சீக்கிரம் வந்ததும் விட்ட வரியில் இருந்தே தொடரலாம். தமிழ் எழுத்தையும் றெங்கநாதன் விசைப்பலகையையும் சேர்வரில் ஒருமுறை அமைத்தால் போதும், எல்லா மேசைகளிலும் வரும். பன்னிரண்டு விதமான தலையிடி இல்லை.

குறை இல்லையா? இருக்கிறது. கிணறு வற்றினால் எல்லாப் பாத்தியும் காயும். சேர்வர் படுத்தால் அறை முழுவதும் படுக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிகாபைட் நினைவகமாவது சேர்வரில் ஒதுக்க வேண்டும் என்பது எமது கணிப்பு. காற்றுவழி இணைப்பை நம்பாமல் வயர் இழுப்பதே நல்லது. கடிதம், கணக்குப் பதிவு, பாடம் ஆகியவற்றிற்கு இது தாராளம். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் படம் பார்க்க வெளிக்கிட்டால் திரை விக்கி விக்கி நிற்கும். அப்படி நிற்பதில் எமக்குப் பெரிய கவலை இல்லை.

சேர்வர் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் எமக்கு முக்கியமான கேள்வி. இன்று வெளிநாட்டுக் கம்பனிகள் கடல் கடந்த சேர்வர்களை மாத வாடகைக்கு விடுகின்றன. சேர்வர் வாங்கும் செலவில்லை, பராமரிப்பில்லை என்று சிலர் எம்மிடம் அதனைச் சிபாரிசு செய்கிறார்கள். நாம் உடன்படவில்லை. இணைய இணைப்பு அறுந்தால் அறை இருளும். வாடகை தவறினால் கதவு மூடும். குத்தகைக் காணியில் வருடக்கணக்காகப் பயிர் செய்தவர்களுக்கு, சொந்தக்காரன் மனம் மாறினால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. சேர்வர் எமது அறையிலேயே இருக்கட்டும். அதைத் திறந்து பார்க்கவும் மூடவும் தெரிந்த இரண்டு இளைஞர்களாவது அந்த ஊரிலேயே இருக்கட்டும். அவர்களைப் பழக்குவதற்கான செலவை முதலில் ஒதுக்கிவிட்டுப் பிறகு பலகைகளை எண்ணுவோம்.

இன்னொன்று. எல்லாருடைய எழுத்தும் ஒரே பெட்டியில் இருக்கும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் அலுமாரியில் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், பிறகு ஒரு பிரதிக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் உங்களில் பலர். அதனால் கிழமைக்கு ஒருமுறை அவ்வளவையும் வேறொரு தட்டில் பிரதி எடுக்க வேண்டும். அந்தத் தட்டு அந்த அறையில் இருக்கக்கூடாது. அடுத்த ஊரில் ஒரு வீட்டில் இருக்க வேண்டும். அது எந்த வீடு என்பதை, கணனி வாங்குவதற்கு முன் கூடும் பெற்றோர் கூட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.